மார்ச் பதினேழு வரை செல்லும்

வேலை ஜனவரி இருபத்தொன்றோடு முடிந்துவிட்டது.
ரயில் பாஸ் மட்டும்
மார்ச் பதினேழு வரை செல்லும்.

பல்லார்ட் எஸ்டேட், மூன்றாம் மாடி.
பத்தொன்பது வருஷம்
பெட்டிகளுக்கு எண் போட்டேன்:
ராட்டர்டாம் போகும் மிளகாய்,
மொம்பாசா போகும் டைல்ஸ்.
டிசம்பரில் பெட்டிகள் குறைந்தன.
பிறகு எங்களை எண்ணத் தொடங்கினார்கள்.

மறைக்க ஒன்றுமில்லை.
முதல் பட்டியலை அடித்தவளே நான்தான்.
பதினோரு பெயர்.
அகர வரிசை வேண்டாம்,
சம்பள வரிசையில் போடு என்றார் கோட்போலே சார்.
போட்டேன்.
மெல்வின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது,
திருத்தினேன்.
அவனுக்கு நான் செய்த ஒரே உதவி.

அந்த வாரம் கேன்டீனில் சுரேகா
சாபுதானா வடையைப் பிய்த்துப் பாதி தந்தாள்.
அவள் ஏழாவது வரி.
வாங்கித் தின்றேன்.

பன்னிரண்டாவது பெயர்
வேறொரு கோப்பில் இருந்திருக்கிறது.
அதை எனக்கு அனுப்பவில்லை.

முழு, இறுதிக் கணக்கு என்று தலைப்பிட்ட தாளில்
நாலு இடத்தில் கையெழுத்து.
கணக்கைத் தீர்ப்பது என்றால் நம் பாஷையில்
வேறு அர்த்தம் இருக்கிறதே என்று
சிரிப்பு முட்டியது எனக்கு.
அழுகிறேன் என்று நினைத்து
தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார் கோட்போலே சார்.

வீட்டில் அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன்.
சிவசைலம் மிக்ஸியை நிறுத்திக் கேட்டார்.
மறுபடி ஓடவிட்டார்.
அரைபட வேண்டியதெல்லாம் அரைபட்ட பிறகும்
வெகுநேரம் ஓடியது அது.
காலேஜ் ஃபீஸ் கட்டும் தேதியைச் சொல்லாமலிருக்க
மகள் பட்ட பாடு
எனக்குத் தெரிந்தது.

ஆறு விண்ணப்பம்.
பிறந்த வருஷத்தைத் தேடி
விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும்,
கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி.
ஒருவன் மட்டும் கூப்பிட்டான்,
குரலில் மீசை முளைக்காதவன்,
"மேடம், உங்களுக்கு அனுபவம் அதிகம்" என்றான்
வியாதியின் பெயரைச் சொல்வது போல.

பருப்பு டப்பாக்களை நான்
மூன்றாம் தடவை இடம் மாற்றிய காலையில்
சிவசைலம் சொன்னார்:
"பாஸ் சும்மாதானே கிடக்கு. போயிட்டு வாயேன்."

எட்டு பதினேழு.
முலுண்டில் ஏறி காட்கோபர் வரை நிற்பேன்.
அங்கே ஹேமாங்கி எழுந்தால் அவள் இடம் எனக்கு.
பதினாலு வருஷ ஒப்பந்தம், கையெழுத்தில்லாதது.
அதை யாரும் ரத்து செய்யவில்லை.
"இன்னைக்கு ஏன் டப்பா இல்ல?" என்றாள்.
"விரதம்" என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

சி.எஸ்.டி.யில் எல்லோரும் ஓடினார்கள்.
பழக்கத்தில் நானும் ஓடினேன்,
கடிகாரத்தடி வரைக்கும்.

திரும்புகிற மதிய ரயிலில் காற்றுக்கும் இடம் இருந்தது.
தாதரில் ஏறியது ஒரு பெரிய பை,
அப்புறம் ஹேர் கிளிப் அட்டைகள்,
அப்புறம் சுரேகா.

என்னைப் பார்த்தாள்.
கூவுவதை நிறுத்தவில்லை, பத்துக்கு மூணு, பத்துக்கு மூணு,
பெட்டி முழுக்கப் போய்விட்டு வந்து
எதிரில் உட்கார்ந்தாள்.

"லிஸ்ட் நீதான அடிச்ச?
கையெழுத்துப் போடும்போதே தெரிஞ்சுது.
நீ மட்டும்தான் பேருக்கும் இனிஷியலுக்கும் நடுவுல
ரெண்டு தட்டு இடம் விடுவ."

ஆமாம் என்றேன்.
ஜன்னலில் மாதுங்கா போனது.
சயானும் போனது.
வேறு ஏதாவது சொல்வாள் என்றிருந்தேன்.
சொல்லவில்லை.

பத்து ரூபாய் நீட்டினேன்.
மூன்று கிளிப் தந்தாள்,
நாலாவதில்லை.
அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது
என்று எப்படிச் சொல்வது.

"உன் பாஸ் எது வரைக்கும்?"
"மார்ச் பதினேழு."
"என்னது தீந்து பத்து நாளாச்சு" என்று எழுந்தாள்.
"குர்லாவுல டிசி ஏறுவான். பாத்துச் சொல்லு."

கதவோரம் போய் நின்றேன்.
பிளாட்பாரம் நகர்ந்து வந்தது,
அத்தனை சட்டைகளுக்கு நடுவே
ஒரு வெள்ளைச் சட்டையைத் தேடினேன்.

பத்தொன்பது வருஷத்தில்
இவ்வளவு கவனமாக
எந்த வேலையையும் நான் பார்த்ததில்லை.